ஏழாவது பை

அன்று காலை பெரியவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, மேல்சட்டையின் கழுத்துப் பொத்தான் அறுந்து விழுந்து, தரையில் உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"தவுடு! ஏய் தவுடு! இங்க வா. பொத்தான் போச்சு."

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தாறு. கடைத்தெருவில் துணி திருத்திக் கொடுக்கும் கடையில் இருபது வருடமாகத் தைக்கிறாள். தலைக்கு மேல் வளர்ந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இருந்தும் அக்காளுக்கு அவள் இன்னும் தவுடுதான். அக்காள் குள்ளம், சுருட்டை முடி, வட்ட முகம். தங்கை நெட்டை, படிந்த முடி, நீண்ட முகம். சின்ன வயதில், "உன்னை அம்மா பெக்கல, ரெண்டு படி தவிடு குடுத்து வாங்கினோம்" என்று அக்காள் சொல்லிச் சொல்லி அழவைத்தாள். அழுகை நின்று நாற்பது வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"கழட்டிக் குடு, ரெண்டு நிமிஷம்."

"பஸ் வந்துரும். போட்டபடியே தை."

"போட்டபடி தைச்சா ஊசி தொண்டையில ஏறும். அப்புறம் என்னைச் சொல்லாத."

"உன் ஊசிக்கெல்லாம் என் தொண்டை பயப்படாது. தை."

சின்னவள் விளக்குமாற்றுக் குச்சியால் பொத்தானை வெளியே தள்ளி எடுத்தாள். நான்கு துளையிலும் இரண்டிரண்டு முறை ஊசியை ஓட்டி, அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது. எட்டி எடுக்கச் சோம்பல். குனிந்து, அக்காளின் கழுத்தடியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சீ! எச்சி பண்ற பாரு. எங்க லேப்ல இப்படிப் பண்ணினா எங்க மேடம் வடிகட்டி உன்னைத் தூக்கி வெளிய போட்டுரும்."

"உன் லேப் உனக்கு. எனக்குப் பல்லுதான் கத்தரி. இருபது வருஷமா சாணை கூடப் பிடிக்கல."

பெரியவள் பாதி சிரித்தாள். பிறகு பொத்தான்மேல் விரலை வைத்தபடி, இறுகத் தைத்திருக்கிறதா என்று பார்ப்பவள்போலக் கொஞ்சம் அதிக நேரமே நின்றாள். "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பதினேழாம் எண் பஸ்ஸில் சன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. ஆய்வுக்கூட நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. தூங்குகிறார்கள் என்று நடத்துநர் நினைத்திருக்கிறார். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய், எல்லோரும் இறங்கி, ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. இதயம், என்றார் மருத்துவர். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று சின்னவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனையில் சட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பொத்தான் இறுக்கமாகத்தான் இருந்தது.

*

பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். வேலை பார்த்தது ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில். பழைய எலும்புகளைத் துளைத்துப் பொடி எடுத்து, அந்தப் பொடியிலிருந்து, செத்துப் போன மனிதர் எந்தத் தாயின் வழியில் வந்தவர் என்று கண்டுபிடிக்கும் இடம் அது. என்ன வேலை என்று கேட்டால், "செத்தவங்களோட அம்மாவைத் தேடுற வேலை" என்பாள்.

சாப்பாட்டு மேசையில் ஒருநாள் பையன்களுக்கு அதை விளக்கினாள்.

"உடம்புக்குள்ள அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்ற ஒரு சீட்டு இருக்கு. பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து. அம்மா அதைப் பையன், பொண்ணு எல்லாருக்கும் குடுக்குறா. ஆனா பொண்ணு மட்டும்தான் அதைத் தன் பிள்ளைங்களுக்குக் குடுப்பா. பையனோட அது நின்னுரும்."

"அப்ப நாங்க எதுக்குப் பெரியம்மா?" என்றான் மூத்தவன்.

"நீங்க மூட்டை தூக்குறவங்க. சாகுற வரைக்கும் தூக்குவீங்க. யார்கிட்டயும் இறக்கி வைக்க மாட்டீங்க."

"கூலி?"

"கூலியும் கிடையாது. சோத்தைத் தின்னு."

சீட்டைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகின எழுத்து அதற்குப் பிறகு வரும் மகள்களுக்கெல்லாம் அப்படியே போகும். எத்தனை பிசகு என்று எண்ணினால், இரண்டு பேருடைய தாய்வழி எப்போது பிரிந்தது என்று கணக்கிட முடியும். அதை அவள் சொல்லும்போது, யாரோ ஒருத்தி பக்கத்து வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

பழைய எலும்பில் இந்தச் சீட்டு கிழிந்து கந்தலாகத்தான் கிடைக்கும். இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒருத்தரின் எச்சில், வியர்வை, தோல் துகள் ஒரு பொட்டு பட்டால் போதும், பழையது அமுங்கிப் புதியதுதான் பேசும். அதற்காக அங்கே ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே எச்சில் கொடுத்து, முடிவு வந்ததும், பொதுச் சீட்டிலிருந்து தன் சீட்டில் மாறுகிற எழுத்துகளை மட்டும் பட்டியலில் தன் கையாலேயே எழுத வேண்டும். எலும்பில் வந்த முடிவு பட்டியலில் இருக்கிற யாரோடாவது ஒத்துப்போனால், அது எலும்பின் குரலில்லை, அந்தப் பணியாளரின் அசுத்தம் என்று தள்ளிவிடுவார்கள். பெரியவள் நான்காம் வரிசை. பதினொரு வருடத்தில் நான்காம் வரிசை ஒரு தடவைகூட எந்த எலும்பிலும் தலைகாட்டியதில்லை. அவளுக்கு நகை, நிலம் எதுவும் கிடையாது. இது ஒன்றுதான் பெருமை.

அந்த வருடம் ஓர் ஆற்றங்கரையில் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். பன்னிரண்டு பேரின் எலும்புகள். கழுவிய எலும்பு ஈரமாக இருக்கும், பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும் என்று, பெரியவள் பருத்தித் துணி வாங்கிவந்து தங்கையிடம் கொடுத்தாள். சின்னவள் கடை மெஷினில் பன்னிரண்டு சுருக்குப் பை தைத்துக் கொடுத்தாள். அவற்றை ஒருநாள் முழுக்கப் புறஊதா விளக்கடியில் வைத்து எடுத்து, உறையிலிட்டு ஒட்டினாள் பெரியவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"தவுடு, நமக்கு ஒரு சொந்தக்காரி கிடைச்சிருக்கா!"

"யாரு?"

"ஏழாம் நம்பர். மூவாயிரம் வயசு."

"வீட்டுக்கு வர்றாளா? சோறு பத்துமா பாக்கணும்."

"விளையாடாதடி. என் சீட்டும் அவ சீட்டும் ஒண்ணு. எழுத்துக்கு எழுத்து. அந்த ஆத்தங்கரையில நம்ம வழிப் பொண்ணு ஒருத்தி இருந்திருக்கா."

அன்று பெரியவள் சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கை கழுவிக்கொண்டே, "எனக்குப் பிள்ளை இல்ல, உனக்கு ரெண்டும் மூட்டை தூக்கி. நம்மளோட முடியுதுன்னு நினைச்சேன். எங்க இருந்து வந்துச்சுன்னாவது தெரிஞ்சுதே" என்றாள்.

ஆய்வுக்கூடத் தலைவி அதை நம்பவில்லை. அந்த அம்மாளைத்தான் பெரியவள் வடிகட்டி என்பாள். எதையும் மூன்று முறை சலிக்காமல் ஏற்காத மனுஷி. "இது சொந்தக்காரி இல்லை. இது நான்காம் வரிசை" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பெரியவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். "ரெண்டு கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி. எங்க இருந்து வந்திருக்கும் சொல்லு? என் கையில இருந்து வரல" என்று மறுபடி மறுபடி சொன்னாள். அந்த இரண்டாம் வாரக் கடைசியில்தான் பொத்தான் அறுந்தது.

*

மூன்று வாரம் கழித்துத் தலைவியிடமிருந்து ஃபோன் வந்தது. பெரியவளின் பெட்டியில் சாமான்கள் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று.

சின்னவள் அதே பதினேழாம் எண்ணில் போனாள். ஆய்வுக்கூடம் அவள் நினைத்ததைவிடச் சிறியது. சன்னல் இல்லாத நடைபாதை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கதவு. முதல் கதவோடு வெளியாள் நிற்க வேண்டும். சுவரில் வரிசையாக இரும்புப் பெட்டிகள். நான்காம் எண் பெட்டியில் ஒரு சோடி ரப்பர் செருப்பு, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். சீப்பில் இரண்டு சுருட்டை முடி இருந்தது. சின்னவள் அதை எடுக்காமல் சீப்பை அப்படியே பைக்குள் வைத்தாள்.

தலைவிக்கு அறுபது வயது இருக்கும். தணிந்த குரல். தேநீர் வரவழைத்தார். சுவரில் பெரிய வரைபடம், அதில் நிறைய புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் எச்சில் கொடுத்த ஒரு ஆள்," என்றார். "மஞ்சள் புள்ளியெல்லாம் உங்க அக்காவோட கிளை."

மஞ்சள் அதிகம் இல்லை. கடலோரமாகக் கொஞ்சம், மலைப்பக்கம் மூன்று, தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் ஐந்தாறு. இந்த ஊர் இருக்கிற இடத்தில் ஒன்றே ஒன்று.

"இது அக்காவா?"

"ஆமாம்."

சின்னவள் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். "இத்தனை தூரம் எப்படி மேடம் போனாங்க?"

"யாரும் தூரம்னு நினைச்சுப் போகல. ஒரு பொண்ணு அடுத்த ஊருக்கு வாழப் போவா. அவ பொண்ணு அதுக்கு அடுத்த ஊருக்கு. பல்லாயிரம் வருஷத்துல தீவுக்கே போயிரும். கிளை பிரியறதுன்னு பெரிசா சொல்றோமே, தொடக்கம் ரொம்பச் சின்னது. ஒரு அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு இருந்திருக்கணும். ஒருத்தி போனா, ஒருத்தி தங்கினா. அவ்வளவுதான்."

பிறகு தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"அடுத்த மாசம் எங்க அறிக்கை அச்சுக்குப் போகுது. ஏழாம் எலும்புல நான்காம் பணியாளரோட அசுத்தம்னு அதுல எழுதியாகணும். எழுதினா, மத்த பதினொண்ணும் அதே கைதான் தொட்டது, அதனால அதையும் சந்தேகமாத்தான் எடுத்துக்கணும்னு ஒரு குறிப்பும் சேர்க்கணும். மத்தவங்க வாயால நீங்க கேக்க வேணாம்னுதான் நானே சொல்றேன்."

"அக்கா கை அப்படி இல்ல மேடம்."

"எனக்குத் தெரியும்மா. தெரியும்ங்கறதை அறிக்கையில எழுத முடியாது. காரணம் வேணும்."

கிளம்பும்போது தலைவி இன்னொன்று கேட்டார். பெரியவளின் வேலைக் குறிப்பேடு பெட்டியில் இல்லை. அன்று கொண்டுபோன கைப்பையில் இருக்குமோ? அது ஆய்வுக்கூடத்துச் சொத்து, கிடைத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

*

பஸ்காரர்கள் கொடுத்த கைப்பையைச் சின்னவள் அதுவரை திறக்கவேயில்லை. மாடியறை ஆணியில் மாட்டியிருந்தது. அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து திறந்தாள். குடை, தண்ணீர்ப் புட்டி, பச்சை அட்டைக் குறிப்பேடு. கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி. பஸ் குலுங்கியதில் எழுத்து கோணியிருந்தது. மூன்று வரிதான்.

பை 7. சுருக்குக் கயிறு.
நூலை எதனால் அறுத்தாள்?
தவுடைக் கேட்க வேண்டும்.

சின்னவள் மூன்று வரியையும் படித்தாள். உடனே ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

எலும்பு எடுக்க வீட்டிலிருந்தே ஆற்றங்கரைக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அது. கடைசியாக ஒருமுறை சரிபார்க்க என்று பெரியவள் கையுறை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் சுத்தத் தாள் விரித்து, பைகளை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஏழாவது பையில் கயிறு போகும் மடிப்பு ஓர் ஓரத்தில் பிரிந்திருந்தது. "ரெண்டு தையல் போடு தவுடு" என்று சொல்லித் தங்கைக்கும் கையுறையும் முகமூடியும் மாட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. பெரியவள் ஓடினாள். சின்னவள் தையலை முடித்தாள். கத்தரிக்கோலைக் காணோம். முகமூடியைத் தாடைக்கு இறக்கினாள், நூலைக் கடித்தாள், முகமூடியை ஏற்றிக்கொண்டாள். பெரியவள் திரும்பி வந்தபோது பை தயாராக இருந்தது. பல் அவளைக் கேட்டுக்கொண்டா கடிக்கிறது? அது பாட்டுக்குக் கடிக்கும்.

ஆற்றங்கரையில் அந்தப் பைக்குள் ஈரத் தாடையெலும்பு ஒன்று விழுந்திருக்கிறது. இரண்டு நாள் அந்த முடிச்சோடு உரசிக் கிடந்திருக்கிறது. அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே அம்மாவின் சீட்டு.

சொந்தக்காரி எங்கிருந்தும் வரவில்லை. இந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் போயிருக்கிறாள்.

சின்னவளின் கணவர் வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுக்கும் வேலை செய்கிறவர். அவர் வந்து கைகால் கழுவியதும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறிப்பேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும்," என்றார்.

"ஆமா."

"சொன்னா என்ன ஆகும்?"

"அக்கா கை சுத்தம்னு ஆகும். மத்த பதினோரு எலும்பும் தப்பிக்கும்."

"அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"அவ சிரிச்சாளேங்க அன்னைக்கு. சொந்தக்காரின்னு. எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சுதேன்னாளே. நான் போய்ச் சொன்னா, அது என் எச்சின்னு ஆயிரும். அவளுக்குன்னு கடைசியா கிடைச்சது அது ஒண்ணுதான். அதையும் நானே பிடுங்கிக்கவா?"

அவர் குறிப்பேட்டை மறுபடி பிரித்துப் பார்த்தார். அவசரப்பட்டு எதுவும் சொல்கிற ஆள் இல்லை. எங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவர்.

"சொல்லாம விட்டாலும் அந்த அம்மா சொந்தக்காரின்னு எழுதப் போறதில்ல. உங்கக்கா அசுத்தம்னுதான் எழுதப் போறாங்க. அந்தச் சொந்தம் ரெண்டு வழியிலயும் போச்சு. உங்கக்கா பேரு மட்டும்தான் இப்ப உன் கையில இருக்கு." பிறகு, "அதோட, இதை எழுதினது யாரு? பஸ்ல உக்காந்து, கை கோணக் கோண. அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மறைக்கணும்னு நினைச்சவங்க இப்படியா எழுதி வைப்பாங்க? கேக்கணும்னு எழுதியிருக்காங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கு சாயங்காலம் என்னைக் கொன்னிருப்பா."

"கொன்னிருப்பாங்க. அப்புறம் சோறு போடச் சொல்லியிருப்பாங்க."

*

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குறிப்பேடு, ஊசி, நூல்கண்டு, ஒரு துண்டுத் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். தலைவி எதிரில் உட்கார்ந்து, வாயால் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று, செய்தே காட்டினாள். இரண்டு தையல் போட்டாள். முடிச்சுப் போட்டாள். குனிந்து கடித்தாள்.

தலைவி அறுந்த நூலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"எங்க கடையில எல்லாரும் இப்படித்தான் மேடம்."

"பதினோரு வருஷமா கதவுக்குக் கதவு காவல் போட்டேன்," என்றார் தலைவி, தனக்குள் பேசுகிறவர்போல. "பை தைச்சவங்க யாருன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவேயில்லை. கடைசித் தையல் வீட்டுல போட்டதுன்னு கூடத் தெரியாது." சட்டென்று எழுந்து உள்ளே போய், பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றோடு வந்தார். "வாயைத் திறங்க."

கன்னத்தின் உட்பக்கம் குச்சி பஞ்சாகத்தான் உரசியது. தன் எச்சிலுக்குள் இத்தனை அம்மாக்கள் இருக்கிறார்களா என்று சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் கதவுக்கு உள்ளே ஏழாவது பை இன்னும் பத்திரமாக இருந்தது. அதன் முடிச்சிலிருந்து அரை அங்குல நூலை வெட்டி எடுத்தார்கள். அதே தாடையில் இரண்டு பல் மீதமிருந்தது. அதுவரை, பழைய பல்லை வீணாக உடைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. வேறொரு பணியாளர் ஒரு பல்லின் வேரைத் திறந்து, ஈரமும் எச்சிலும் எட்டாத உட்புறத்திலிருந்து பொடி எடுத்தார்.

இவ்வளவும் முடிய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் சின்னவள் கடையில் கத்தரிக்கோலைக் கழுத்தில் நாடாகட்டி மாட்டிக்கொண்டு தைத்தாள். பக்கத்து மெஷின்காரி, "என்னக்கா, டாக்டர் மாதிரி மாட்டிக்கிட்டு" என்று கேலி செய்தாள். மூன்றாம் வாரம் கத்தரிக்கோல் மாட்டியிருக்கும்போதே பல் ஒருமுறை நூலைக் கடித்துவிட்டது. அதற்குப் பிறகு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டாள்.

*

தலைவி கூப்பிட்ட அன்று மழை. சின்னவள் குடையை நடைபாதையில் சாய்த்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் அறிக்கையின் அச்சுப்படியும் மூன்று தாள்கட்டும்.

"முதல்ல இது," என்றார் தலைவி. "நூல் நுனியில இருந்தது உங்க எச்சில். அதுல சந்தேகமே இல்லை. தாய்வழிச் சீட்டு மட்டும் பாத்தா அக்காவா தங்கையான்னு பிரிக்க முடியாது. மத்ததையும் சேர்த்துப் பாத்தோம். நீங்கதான்."

சின்னவள் தலையசைத்தாள்.

"ரெண்டாவது, பல்லு. அது வேற வழி." தலைவி வரைபடத்தில் நீலப் புள்ளிகள் கூட்டமாக இருந்த இடத்தைக் காட்டினார். "அந்தப் பொண்ணு இந்தக் கிளை. உங்க கிளை இல்லை."

அது வரும் என்று தெரிந்துதான் இருந்தது. சின்னவள் நீலப் புள்ளிகளைப் பார்த்தாள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு அக்காள் இருந்திருக்கலாம். வேறு வீட்டுப் பெண். தெரியாமல் இவர்கள் வீட்டுப் பையில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறாள்.

"பரவால்ல மேடம்," என்றாள். "அவளுக்கு அவங்க அம்மா கிடைச்சாங்கல்ல."

தலைவி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அறிக்கையின் அச்சுப்படியைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். பென்சிலால் அடிக்கோடிட்ட மூன்று வரி. ஏழாம் மாதிரியில் முதலில் கிடைத்த முடிவு பையின் தையல் நூலிலிருந்து வந்த அசுத்தம். பணியாளரின் கையாளுதலில் எந்தக் குறையும் இல்லை. காரணத்தை முதலில் ஊகித்துக் குறித்து வைத்தவர் நான்காம் பணியாளரே. அவ்வளவுதான் இருந்தது. மற்ற பதினொன்றைப் பற்றிய சந்தேகக் குறிப்பு எங்கும் இல்லை. சின்னவள் அந்த மூன்று வரியை இரண்டு தடவை படித்தாள். அக்காள் இருந்திருந்தால் நான்கு தடவை படித்திருப்பாள், ஐந்தாம் தடவை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்திருப்பாள்.

"மூணாவது கட்டு என்ன மேடம்?"

"அது உங்களுக்கு. வேணும்னா வச்சுக்கலாம்." இரண்டு நீண்ட எழுத்து வரிசைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே 4 என்று இருந்தது, கீழே சின்னவளின் பெயர். "மாறினா சிவப்புல காட்டும்."

சின்னவள் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனாள். தாள் முடிந்து அடுத்த தாள், அதுவும் முடிந்து அதற்கடுத்தது. சிவப்பே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம். என்னைத் தவிட்டுக்கு வாங்கினதா அக்கா நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தா."

தலைவி சிரித்து அவள் பார்த்ததில்லை. அக்காளும் பார்த்ததாகச் சொன்னதில்லை. இப்போது அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அப்படின்னா அந்தத் தவிட்டை யாருக்கும் குடுக்கவேயில்லை, உங்க வீட்டுலயே பத்திரமா இருந்திருக்கு," என்றார்.

கிளம்பும்போது தலைவி, "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தினார். இங்கே எச்சில் வந்து சேர்ந்த எவரையும் விலக்குப் பட்டியலில் எழுதுவது விதி. பைக்காரி ஆனாலும் விதி விதிதான். அலமாரிக் கதவைத் திறந்தார். உட்பக்கம் கண்ணாடித்தாளுக்கு அடியில் அந்தப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொருவர் கையெழுத்து. முதல் வரிசைக்காரர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறதாம். இரண்டாமவர் வேறு நாட்டில் இருக்கிறாராம். யார் போனாலும் வரிசையை எடுப்பதில்லை. போனவர்களின் தூசு கட்டடத்தில் எங்காவது இருக்கும்.

தலைவி கண்ணாடித்தாளை விலக்கி, பேனா மூடியைத் திறந்து, பன்னிரண்டாம் வரிசைக்கு வந்தார். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்து முதல் எழுத்தை எழுதப் போனார். பேனா நின்றது. விரல் பட்டியலில் மேலே ஏறியது.

"எழுத வேண்டியதில்லை," என்றார். "ஏற்கனவே இருக்கு."

பேனாவை மூடினார். சின்னவள் கிட்டே போய்ப் பார்த்தாள். நான்காம் வரிசை, பெரியவள் பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதியபடியே இருந்தது.